சரசு அக்கா குடிக்காத தண்ணீர்

சித்திரை 9, செவ்வாய்

பழைய பாவின் நீள இழைகளோடு புதுப் பாவின் இழைகளை முறுக்கி இணைக்க, கண்ணமங்கலம் பக்கமிருந்து வந்த சரசு அக்கா காலையிலிருந்து எங்கள் வீட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தார். பட்டிழை பறக்கும் என்று மின்விசிறி போடவில்லை. புடவை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. நான் வைத்த தண்ணீரை மட்டும் அவர் தொடவே இல்லை.

"ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னீங்களே அக்கா, தண்ணி குடிங்க" என்றேன். அதோடு விட்டேனா? வியர்வையில் நீர் போய்விட்டால் சிறுநீரகம் மிச்சத்தை உடம்புக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும், சிறுநீர் அடர்த்தியாகி எரியும் என்று படித்ததையெல்லாம் விளக்கினேன்.

அவர் இழையை முறுக்கியபடியே சிரித்தார். "சரி பாப்பா, குடிக்கிறேன். குடிச்சிட்டு எங்க போறது?"

எங்கள் கழிவறை சமையலறையைத் தாண்டி இருக்கிறது. அவர் சாதிக்காரர் யாரையும் அம்மா சமையலறைக்குள் விட்டதில்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க அக்கா, நான் கூட்டிகினு போறேன்" என்று வாய்வரை வந்தது.

"கொஞ்சமா குடிங்க" என்றேன்.

இரண்டு மடக்குக் குடித்தார், எனக்காக.

வேலை முடியவில்லை. நாளையும் வருவார். அம்மாவின் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. எழுந்து போய்ப் பேசலாம். உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.