வீட்டில் மட்டும் வரும் இழுப்பு

2/12 திங்கள். மழை.

எழுதவே வெக்கமா இருக்கு. என் வீட்டுக்காரரு சட்டைப் பையை மோந்து பார்த்தேன். கால்சட்டைப் பையையும். ரெண்டு மாசமா இருமல், திருட்டு சிகரெட்டுன்னு சந்தேகம். புளிப்பு மிட்டாய் ரெண்டு இருந்துச்சு. சிகரெட் இல்ல. மிட்டாயைத் தின்னுட்டேன்.

துணி காயல. படுக்கை அறையில கயிறு கட்டி, ஜன்னலைச் சாத்தி, காத்தாடியைச் சுத்த விட்டேன்.

கா. 7. இவருக்கு மறுபடி இழுப்பு. நெஞ்சுல பூனைக்குட்டி சத்தம். "உள்ள யாரைங்க வெச்சிருக்கீங்க?"ன்னேன். சிரிக்கப் போயி மூச்சு முட்டி, உதடு நீலமா ஆயிருச்சு. முதுகைத் தடவி விட்டேன்.

4/12 புதன். மழை.

இவரு நேத்தே ரெங்கம் ஊருக்குப் போயிட்டாரு, அவரு அக்கா வீட்டுக் கதவு மாத்த. அந்த அண்ணி போன்ல:

"இங்க ஒரு இருமல் இல்லடி. நீ கொழம்புல என்னத்தப் போடுற?"

"பாசம் அண்ணி. கொஞ்சம் தூக்கலா."

"கொறச்சுப் போடு லா. தம்பி இங்கயே இருக்கட்டும்."

இவரு வேணாம்னு சொல்லலையாம்.

ஒண்ணும் புரியல. அங்க மூச்சு வருது. வேலையிலயும் வருது. இங்கதான் வரல. இங்க என்ன இருக்கு? யோசிச்சது:
மீன் (அங்கயும் திங்கிறாரு).
என் பவுடர்.
கண்ணு பட்டது.
நான்.

6/12 வெள்ளி. விட்டு விட்டு மழை.

இவரு வந்தாரு. ஈர வாடை போகட்டும்னு சாம்பிராணி பலமாப் போட்டேன். பத்தே நிமிஷம், இழுப்பு. கிளினிக்குக்கு ஓட்டம். வாயில அடிக்கிற மருந்து பம்ப் குடுத்தாங்க, மூச்சு வந்துச்சு.

டாக்டர் மலாய்க்காரப் பொண்ணு. வீட்ல ஈரம், பூசணம் இருக்கான்னு கேட்டாங்க.

"இல்ல டாக்டர். தீபாவளிக்குத்தான் சுவத்துக்குச் சாயம் அடிச்சோம்."

"ஏன் அடிச்சீங்க?"

"சுவரு கறுப்பாச்சு."

"போன வருஷம்?"

"அப்பவும் கறுப்பாச்சு, அடிச்சோம். வருஷா வருஷம் டாக்டர். நாங்க சுத்தம்."

டாக்டர் பேனாவைக் கீழ வெச்சாங்க. இவரும் என்னையே பார்க்குறாரு. நான் என்ன தப்பாச் சொன்னேன்?

சாயத்துக்கு அடியில பூசணம் உசுரோடதான் இருக்குமாம். தூள் மூச்சோட உள்ள போகுமாம். துணி உள்ள காயப் போடாதீங்க, புகை போடாதீங்கன்னாங்க. சாமி கோவிக்காதான்னு கேட்க நெனச்சேன். கேட்கல.

அப்ப நான் இல்ல. இல்ல, நான்தானா? சாயத்தை எடுத்துக் கொடுத்ததே நான்.

7/12 சனி. தூறல்.

படுக்கை அறைச் சுவத்துல மாம்பழ மஞ்சள் சாயம், ஒரு மாசந்தான் ஆச்சு. கீழ ஓரத்துல பரு மாதிரி உப்பியிருக்கு. விரல் வெச்சேன், உள்ள போச்சு. அந்தப் பக்கம் குளியலறை.

இவரு வெளிய நாற்காலியில, முகமூடியோட. "சுத்தமானா இருக்கேன். இல்லாட்டி ரெங்கம்."

"போங்க. அங்க இன்னும் ரெண்டு கதவு இருக்கு."

சொல்லிட்டேன்.

மா. 4. கட்டில் பக்கத்து அலமாரியை நானும் எதிர்வீட்டுச் சீனப் பொண்ணு அமோயும் இழுத்தோம். அலமாரி வந்துச்சு. பின்பலகை வரல. சுவத்துலயே ஒட்டி நிக்குது. என் கூரைப் புடவை அதுல ஒட்டியிருக்கு. சிவப்புப் புடவை. இப்ப பச்சை.