லாட்ஜ் என்று பெயர் வைத்தவனுக்கு

நம் ஊர்க்காரர்கள் பெங்களூரில் ஆண்டுதோறும் கூடும் கூட்டத்தின் மலர் தபாலில் வந்தது. பிரித்ததும் அச்சு மை வாசனை. பதினான்காம் பக்கத்தில் ‘ஊர்களும் கேலிப் பெயர்களும்’ என்று ஒரு கட்டுரை. கோலார் தங்கவயலுக்கு ‘லாட்ஜ்’ என்ற செல்லப்பெயர் எப்படி வந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் வெளியூர் விருந்தாளிகள் ஓயாமல் வந்து தங்கியதால் வந்ததாம்.

செல்லப்பெயராம். ஸ்ரீராம்புரத்து வீட்டில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுத் திட்டினேன். பிறகுதான் எழுதியவர் பெயரைப் பார்த்தேன். உன் மகள்.

வெள்ளைக்காரன் நம் ஊருக்கு வைத்த பெயர் ‘குட்டி இங்கிலாந்து’. அவனுடைய பங்களாவுக்கும் பூந்தோட்டத்துக்கும் வைத்துக்கொண்டது. நாம் பிறந்த, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் அதில் சேர்த்தியில்லை. லாட்ஜ் என்பது நீ வைத்த பெயர். வைத்த அன்று ரயிலில் உனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான்.

சுரங்கத்தை மூடினார்கள். நிலத்துக்கு அடியில் மரத்தால் முட்டுக் கொடுத்த கைகளோடு பெங்களூருக்கு வேலை தேடி வந்தோம். உனக்கு வைட்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடியின் கேட்டில் காவல் வேலை. எனக்கு ஸ்ரீராம்புரத்தில் ஒரு அச்சகத்தில் காகிதம் அடுக்கும் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அங்கே வீணான தாள்களைப் படித்துப் படித்துத்தான் இப்படி எழுதக் கற்றேன். விடியுமுன் நம் ஊர் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறுவோம். திரும்பும்போது வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள்.

நம் பெட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. வழியில் வரும் ஊருக்கெல்லாம் பெயர் வைப்போம். பெயர் வைப்பவன் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். பெட்டி சிரித்தால் பெயர் நிலைத்தது. சிரிக்காவிட்டால் அவன் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். பங்காரப்பேட்டைக்கு ‘மாமியார் வீடு’. எதிர் ரயிலுக்காக நிறுத்தினால் லேசில் விடமாட்டார்கள். மாலூருக்கு ‘பவுடர் டப்பா’. ஓட்டுச் சூளைப் புழுதி ஜன்னல் வழியே வந்து முகத்தில் அப்பும். இரண்டும் நீ வைத்ததுதான். ஒரு தடவைகூட நீ டீ வாங்கியதில்லை.

சொந்த ஊருக்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உன் வீட்டில் இருந்தேன். உன் மகளுக்கு அப்போது மூன்று வயது. குளித்துவிட்டு வந்து அவளைத் தூக்கக் கை நீட்டினாய். அவள் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டாள்.

“அம்மா, இந்த மாமா எப்ப போவாரு?”

உன் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். நீயும் சிரித்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போனாய். வாரம் ஒரு தடவை வரும் தண்ணீர் அது. வாளி நிறைந்து வழிந்து சாக்கடைக்கு ஓடியது. குழாயை மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றாய். நான் வந்து மூடினேன்.

மறுநாள் பெட்டியில் எழுந்து நின்றாய். “நம்ம ஊருக்குப் பேரு லாட்ஜு” என்றாய்.

“காரணம் சொல்லு” என்றார்கள்.

“இன்னா காரணம்? நைட்டு போறோம், படுக்குறோம், காலைல காலி பண்றோம். வாடகை மட்டும் கரெக்டா குடுக்குறோம். அது ஊரா? லாட்ஜு!”

பெட்டி குலுங்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் அப்பா அந்த மண்ணுக்கு அடியில் பாறை சரிந்து செத்தவர். அவர் படுத்திருப்பது லாட்ஜிலா? பெயரைத் திருப்பி எடு என்றேன்.

“வெச்சா வெச்சதுதான் மச்சி. நம்ம ரூலு.”

ஒரு மாதத்தில் பங்காரப்பேட்டை டீக்காரன்கூட “லாட்ஜ் ஆளுங்க வந்துட்டாங்கப்பா” என்று கூவினான். நான் வேறு பெட்டிக்கு மாறினேன். ஆறு மாதம் கழித்து முழங்கால் ஒத்துழைக்காமல் ஸ்ரீராம்புரத்துக்கே குடிவந்தேன். சாமான் ஏற்றிய வண்டியைப் பார்த்து, தெருவே கேட்கும்படி நீ கேட்டாயே:

“இன்னா மச்சி, ரூம காலி பண்றியா?”

அதோடு பேச்சு நின்றது. ஊரைக் கேலி செய்த நீ அங்கேயே இருந்தாய். ஊருக்காகச் சண்டை போட்ட நான் கிளம்பினேன். இத்தனை வருஷமாக என்னை உறுத்துவது அதுதான். உன் சாவுக்கு வந்தேன், மாலை போட்டேன், கட்டை அடுக்குமுன் திரும்பிவிட்டேன்.

போன வாரம் மலரை எடுத்துக்கொண்டு மெட்ரோ ஏறி வைட்ஃபீல்ட் போனேன். உன் மகள் வேலை செய்யும் அலுவலகம் நீ காவல் காத்த தெருவிலிருந்து அதிக தூரமில்லை. அந்தப் பத்தியில் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தேன். கூட்டத்தில் மேடையேறித் திருத்துவேன், அதை முதலில் அவளிடம் சொல்லிவிடுவது என்று போனேன்.

“வாங்க பெரியப்பா! இவ்ளோ தூரம் நீங்க ஏன் வந்தீங்க? கூப்பிட்டா நானே வருவேன்ல?”

“இந்த லாட்ஜு கதை. யாரு சொன்னா உனக்கு?”

“அப்பாதான். ஸ்கூல்ல பசங்க லாட்ஜு லாட்ஜுன்னு கிண்டல் பண்ணாங்க. அழுதுட்டு வந்தேன். அப்பதான் சொன்னாரு, வெள்ளைக்காரன் காலத்துல பெரிய பெரிய விருந்தாளிங்க வருவாங்க, அதனால வந்த பேரும்மா, பெருமையா சொல்லிக்கோன்னு.” முகம் மாறிப் பார்த்தாள். “ஏன் பெரியப்பா, தப்பா? நீங்களும் அந்த ரயில்லதான போனீங்க. வேற காரணம் எதுனா இருக்கா?”

அவளுக்கு உன் கண். நாற்பது பேர் சிரித்த பெட்டியில் சிரிக்காமல் உட்கார்ந்தவன் நான். சுரங்கத்தில் மேஸ்திரி மிரட்டியும், சங்கத் தலைவர் கெஞ்சியும் சொன்ன சொல்லை மாற்றாதவன். மலரை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“வேற ஒண்ணும் இல்லம்மா. உங்கப்பன் போட்டோ ஒண்ணு போட்டிருக்கலாம். அத சொல்லத்தான் வந்தேன்.”

“நல்ல போட்டோ ஒண்ணுகூட இல்ல பெரியப்பா. அவரு எப்ப வீட்ல இருந்தாரு?” என்று சிரித்தாள். பிறகு கேன்டீனில் காபி வாங்கிக் கொடுத்தாள்.

மூன்று வயதில் அவள் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து ஊருக்கே ஒரு பெயர் கிளம்பியது. அது தெரியாமலே அவள் வாழ்ந்துவிடட்டும் என்று நீ முடிவு செய்துவிட்டாய். என்னிடம் கேட்கவில்லை. நான் உண்மையைச் சொன்னால் நீ பொய்யன், அவள் வாழ்நாளெல்லாம் அழுவாள். சொல்லாவிட்டால் வெள்ளைக்காரனுக்கு இன்னொரு பெருமை. செத்தும் என்னை மடக்கிவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அந்தக் கட்டுரையை மேடையில் வாசிக்கப் போகிறார்களாம். போவேன். முன்வரிசையில் உட்காருவேன். கை தட்டமாட்டேன். பெட்டியில் சிரித்தவர்கள் காரணத்தை எப்போதோ மறந்துவிட்டார்கள். நான் போன பிறகு உன் பொய்தான் ஊரின் வரலாறு. அதற்கு மறுப்புச் சொல்ல ஆளிருக்காது. வழிந்த அந்த வாளியைப் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். அதை யாருக்கும் சொல்லாமல் என்னோடு கொண்டுபோகிறேன், அவளுக்காக.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.