ஊர் கேட்ட பாவம்

யூலை 8, திங்கள்
மெல்பேர்ன் குளிர். பென்குயின் வந்தாலும் கம்பளி கேட்கும். மு.ப. 7.30 வேலை. ஒட்சிசன் சிலிண்டர் மூன்று, முகமூடி, மீட்பு மருந்து, புது ஊசி. எல்லாம் சரி.

அரசாங்க அனுமதியோடு நடக்கும் எங்கள் ஊசி அறைக்கு வருகிறவர்கள் வெளியே வாங்கிய ஹெரோயினை எங்கள் கண்முன் ஏற்றிக்கொள்ளலாம். மூச்சு நின்றால் திருப்பி இழுப்பது நாங்கள். ஆகையால் அடியேன் எமதர்மனின் நேரடிப் போட்டியாளன். இதுவரை அவனுக்கு ஒரு தலையும் விட்டுக்கொடுக்கவில்லை.

பி.ப. 2.10. புதியவர். நாற்பது வயதிருக்கும். கொடுத்த பெயர் கெவின். இங்கே விரும்பிய பெயர் சொல்லலாம்; போன வாரம் இரண்டு மகாராணிகள் வந்தார்கள், ஒருவருக்குத் தாடி. கெவின் கதிரையில் அமர்ந்து சட்டைக் கையை மடித்தபடி தனக்குள், "மாதாவே, என்ன குளிர்" என்றார்.

பாழாய்ப்போன நாக்கு. தமிழ்க் குரல் கேட்டால் தானாக ஓடும்.

"தம்பி, ஊரில எவடம்? ஆருடைய மகன்?"

முகம் சாம்பல். "சொறி, ரோங் பிளேஸ்." பொட்டலத்தைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஏற்றாமலே.

நேர்ஸ் கவிதா, மதுரைக்காரி, என்னைக் கண்ணாலேயே வறுத்தாள். "பேர மறைக்கத்தானே அங்கிள் இங்க வர்றாங்க? நீங்க வம்சத்தையே கேக்குறீங்க!"

"பழக்கதோஷம், பிள்ளை."

"இப்ப எங்கயாவது தனியா போட்டுக்குவாரு."

தனியா. அந்தச் சொல்லோடு வீடு வந்தேன்.

யூலை 9, செவ்வாய்
மழை. அவர் வரவில்லை.
செய்ய வேண்டியவை: பால். கார் சேர்விஸ். கெவின்.

அம்புலன்ஸ் சத்தம் ஆறு தரம். ஆறு தரமும் என் கற்பனையில் செத்தது கெவின். பத்தாயிரம் பேர் கூடிய செத்த வீட்டில், "ஊர் கேட்டவன் ஆர்?" என்று எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கார்ப் பார்க்கின் கழிப்பறைக் கதவெல்லாம் தட்டினேன். ஒன்றுக்குள்ளிருந்து கெட்ட வார்த்தை, ஐந்து தலைமுறைக்கும் சேர்த்து. காது குளிர்ந்தது. ஏசுகிறவனுக்கு மூச்சிருக்கிறது.

வீட்டில் மனைவி புஷ்பம்: "என்னப்பா, புட்டு அப்பிடியே கிடக்கு? வேலை போயிட்டுதோ?"

"இல்லை."

அங்கே யார் வந்தார் என்று வெளியே சொல்லக்கூடாது. வயதும் அந்த 'மாதாவே'யும் மட்டும் போதும், பத்து நிமிடத்தில் பரம்பரை முழுவதையும் பிடித்துவிடுவாள். உலக உளவுத்துறைகள் அவளிடம் ரியூஷன் எடுக்கவேண்டும்.

யூலை 10, புதன்
வரவில்லை. நித்திரையும் வரவில்லை. திங்கட்கிழமை எமனைப் பற்றி எழுதிய வீரவசனத்தை வெட்ட நினைத்தேன். வெட்டினால் பயந்தது தெரிந்துவிடும். அவனுக்கு.

யூலை 11, வியாழன்
மு.ப. 11. கவிதா ஓடிவந்தாள். "வாசல்ல கெவின். அந்த அங்கிள் இருந்தா வரமாட்டாராம்."

"நான் சிட்னிக்குப் போயிட்டனெண்டு சொல்லு. செவ்வாய்க் கிரகமெண்டு சொல்லு!"

"ஸ்டோர் ரூமுக்குள்ள போங்க. கதவச் சாத்துங்க."

கையுறைப் பெட்டியின்மேல் குந்தியிருந்தேன். மூன்று நாள் போடாமல் இருந்திருந்தால் பழைய அளவே ஆளைக் கொல்லும். கவிதாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவருக்கு?

கதவுக்கு அப்பால் கவிதாவின் குரல். "கெவின்? கெவின்! ஓப்பின் யுவர் ஐஸ்!"

சிலிண்டர் சக்கரம் உருண்டது. ஒட்சிசன் இரைச்சல். என் கை கதவுப்பிடியில். என் முகத்தைக் கண்டால் இனி இந்தப் பக்கமே வரமாட்டார். திறக்கவில்லை. எண்ணத் தொடங்கினேன். நாற்பதுக்குப் பிறகு எந்த எண் என்று மறந்துபோனது.

பிறகு ஓர் இருமல். என் வாழ்நாளில் இப்படியொரு சங்கீதம் கேட்டதில்லை.

பி.ப. 12.20. கவிதா தட்டினாள். "போயிட்டாரு அங்கிள்."

"எப்பிடி?"

"நடந்துதான். நாளைக்கும் வர்றாராம்."

நாளைக்கும் எனக்கு ஸ்டோர் ரூம்.