நீலம் போட்ட பனியன்

21.11.78, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கரண்ட் வந்ததே மத்தியானம்தான். சீமைக் கம்பெனிப் பனியன், கடைசிப் பெட்டியும் கட்டியாயிற்று. பல தேசங்களில் கடை வைத்திருக்கிறார்களாம். நம் எட்டு மெஷினுக்கு இப்படி ஒரு பாக்கியம். முருகா!

கழுத்துத் தையலை அந்தக் கம்பெனியின் கோவை ஏஜண்ட் திரும்பத் திரும்பப் பிரிக்க வைத்தார். அப்போது எரிச்சல். இப்போது பார்த்தால் நாம்தான் தைத்தோமா என்று நமக்கே சந்தேகம். மனுஷனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தாராபுரம் ராவுத்தர் சரக்கு மட்டும் பாக்கி. ஒற்றை மெஷின் காலத்திலிருந்து நம்மிடமே வாங்கும் கடைக்காரர். இந்த ஆர்டருக்காக அவரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

"பொங்கலுக்கு அவரு கடை காலியாக் கெடக்குமே, ஏனுங்க, என்ன பதில் சொல்லுவீங்க?" என்று சரசு. கட்டினவளுக்கு என் சந்தோஷம் பொறுக்காது.

22.11, புதன்

தலையில் இடி. ஏஜண்ட் வந்தார். சீமையிலிருந்து வந்த மாதிரித் துணியைப் பனியன் பக்கத்தில் வைத்து ஜன்னலோரம் பார்த்தார். "நீலம் போட்டிருக்குதுங்க. கம்பெனி எடுக்காதுங்க." மறுபடி வெளுத்தாலும் ஆகாதாம். மொத்தமும் கழிவு. கழுத்து லேபிளை எடுக்காமல் வெளியில் விற்கவும் கூடாது.

சலவைப் பட்டறைக்கு ஓடினேன். பொன்னுசாமி கையைப் பிசைகிறான். "வேண்டாம்னுதானுங்க சொன்னீங்க. ஆனா மங்கலாத் தெரிஞ்சுதுங்க. கப்பலேறிப் போற துணி, அழுக்காப் போனா உங்களுக்குத்தான அவமானம்? அதுதான் கொஞ்சூண்டு போட்டனுங்க."

எப்படித் திட்டுவது? நீலம் போடாததை இந்த ஊரில் எவன் வெள்ளை என்பான்? பெட்டி கட்டும்போது நானே வாய் ஓயாமல் மெச்சினேன்.

மெஷின்களை விற்றுவிட்டு மறுபடி கூலித் தையலுக்குப் போக வேண்டியதுதானா?

23.11, வியாழன்

என்னைக் கேட்காமலே சரசு தாராபுரம் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். மாலை ராவுத்தர் வாசலில். எனக்கு முகம் பார்க்கக் கூச்சம். அவர் ஒரு பனியனை உதறி, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுக்கா கண்ணு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கறே? நீலம் இல்லீன்னாத்தான் எங் கடையில திருப்பிக் குடுப்பாங்க. அத்தனையும் நானே எடுத்துக்கறேன்."

அழுதேவிட்டேன். எழுதுவதற்கென்ன வெட்கம்.

24.11, வெள்ளி

லேபிள் பிரிக்கும் வேலை. தையல்காரர்கள், சரசு, பொன்னுசாமி, எல்லோர் கையிலும் பிளேடு. ராவுத்தர் ஊருக்குப் போகவில்லை, அவரும் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "என்னத்துக்கு இப்படித் தச்சு வெச்சிருக்கறே? பிரியவே மாட்டேங்குது!" என்று முனகல். ஒரே சிரிப்பு. டீ, போண்டா. பொன்னுசாமி மட்டும் தலை நிமிராமல் பிரித்துக்கொண்டிருந்தான். ராவுத்தர் தன் போண்டாவை அவன் பக்கம் தள்ளினார்.

எத்தனை நல்ல மனிதர்கள் என்னைச் சுற்றி. நான்தான் சீமையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

27.11, திங்கள்

வெயில். லாரி தாராபுரம் போயிற்று. ராவுத்தருக்கு மிச்ச சரக்கும் பொங்கலுக்குள் வேண்டுமாம், எட்டு மெஷினிலும் அதுதான் ஓடுகிறது.

எதிர்பார்க்கவேயில்லை, ஏஜண்ட் மறுபடி வந்தார். முன்னே மாதிரிக்கு அனுப்பிய பனியனில் கம்பெனிக்கு நம் தையல் பிடித்துவிட்டதாம். போன தடவையைவிடப் பெரிய ஆர்டர். நல்ல மனுஷன், எனக்காகப் பேசியிருக்கிறார். ஒரே நிபந்தனை: இனி இங்கே வேறு யார் சரக்கும் ஓடக் கூடாது.

"எட்டும் எங்களுக்கேங்க. இன்னைக்கே வார்த்தை குடுத்துருங்க."

எப்படியோ சொன்னேன்: "ராவுத்தரை விட முடியாதுங்க. வேணும்னாப் பாதி மெஷின் தர்றேன்."

"பாதியெல்லாம் கம்பெனி ஒத்துக்காதுங்க," என்று எழுந்துகொண்டார். இருந்தாலும் கேட்டுப் பார்க்கிறேன் என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். வராது என்றுதான் தோன்றுகிறது. பயம் இல்லாமலில்லை.

சரசுவிடம் சொன்னேன். மாவரைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவே இல்லை.

"அந்தப் பாதியுந்தான் எதுக்குங்க தர்றேன்னீங்க?"