துவையலில் கலந்த பாசி மாத்திரை

செவ்வாய். மூடுபனி, தூறல்.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் மூடிவிடுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம்.

இன்று கொடைக்கானல் ஆஸ்பத்திரி. அம்மா நெஞ்சில் செயற்கை வால்வு; அதில் இரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை. எப்போதும் சரியாக வரும் டெஸ்ட் இந்த முறை சரியில்லை. இரத்தம் சீக்கிரம் உறைகிறதாம்.

நர்ஸ் அக்கா: "கீரை நெறைய சாப்பிட்டீங்களா?"

அம்மா: "தொடவே இல்லைங்க."

மாத்திரை அளவைக் கூட்டிவிட்டார்கள்.

எனக்கு உடனே பாசி ஞாபகம் வந்தது. பழனி அத்தை என் ஒல்லி உடம்புக்கென்று கொடுத்த பச்சைப் பாசி மாத்திரை. அம்மாவுக்கும் தெம்பு வரட்டும் என்று இரண்டு வாரமாக அதைப் பொடித்து அம்மாவின் பூண்டுத் துவையலில் போடுவது நான்தான். கையில் கொடுத்தால் சாப்பிடாது. "ஒனக்கு வந்தத நான் திங்கவா?" என்னும். அம்மாவுக்குக் கீரை கூடாது. பாசி கீரை இல்லையே என்று நினைத்தேன். வாடையைப் பூண்டு அமுக்கிவிட்டது.

புதன். வெயில். கேரட் மூட்டை லாரியில் ஏறியது. கணக்கு 18/25.

உயிரியல் மிஸ்ஸிடம் யாருக்கோ போலக் கேட்டேன். பாசியில் புரதம், இரும்புச்சத்து உண்டு. கீரையில் இருக்கும் வைட்டமின் கே-யும் உண்டு. அது இரத்தத்தை உறைய வைக்கும். "அந்த மருந்து சாப்பிடுறவங்க டாக்டரக் கேக்காமத் தொடக்கூடாது. அழுக்குத் தண்ணியில வளத்த பாசின்னா யாருக்குமே ஆகாது."

இன்று துவையலில் போடவில்லை. படுத்த பிறகுதான் புரிந்தது. பாசி நின்றது, மாத்திரை கூடியிருக்கிறது. இரத்தம் அளவுக்கு மேல் இளகிவிட்டால்? உள்ளே எங்காவது கசிந்தால்?

சொல்லியாக வேண்டும்.

வியாழன். பனி.

வெள்ளனே எழுந்து சொல்லிவிட்டேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தது. கை நின்றது. பிறகு சிரிப்பு. "அதானே பாத்தேன், துவையலு கொளத்துப் படி மாதிரி பச்சையா கெடக்கேன்னு. மல்லின்னு சொன்னியே, கள்ளி."

நர்ஸ் அக்காவுக்குப் போன். டாக்டரைக் கேட்டுச் சொன்னார்: பழைய அளவே போதும். நாளை பாசி மாத்திரை பாட்டிலோடு வர வேண்டும்.

வெள்ளி. நல்ல வெயில்.

டெஸ்ட் தேவலை. அடுத்த வாரம் மறுபடி.

டாக்டர்: "இனி புதுசா எது சாப்பிட்டாலும் எங்கள ஒரு வார்த்தை கேளுங்கம்மா."

"நான் எங்கங்க சாப்பிட்டேன், இவல்ல ஊட்டிவிட்டா."

டாக்டரும் சிரித்தார். பஸ்ஸில் அம்மா தோளில் சாய்ந்து எங்கள் ஊர் பூண்டி வரை தூக்கம். நான்கு நாளில் முதல் நல்ல தூக்கம்.

அப்பாவிடம் அம்மா இப்போதுதான் சொல்கிறது. சுவர் வழியே கேட்கிறது.

"எந்தத் துவையலு? நானும்ல தின்னேன்."

நடந்து வருகிறார். கதவைத் தட்டுகிறார்.

"ஏ புள்ள, தொற. எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

நோட்டை எங்கே ஒளி—