பதினேழாம் நம்பர் டோக்கன்

மார்ச் 4

என் எழுத்துப்பூச்சிக்கு மாமாவின் ஆசிகள், ஒரு லாரி நிறைய.

நீ அத்தைக்குப் போட்ட கடிதம் வந்தது. அவளுக்கு எழுத்து தெரியாது என்பதால் வழக்கம்போல நானே வாசித்து, நானே பதில் எழுதுகிறேன். ஒரே அறை வீட்டில் போனில் பேசினால் நாலு காதில் விழும் என்று அச்சகத்தில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறாயாமே. தாளெல்லாம் மை வாசனை. மெய்ப்புத் திருத்துகிறவள் கடிதம் அல்லவா, ஒரு பிழை இல்லை. என் கடிதத்தில் பிழை இருந்தால் பேனாவின் குற்றம்.

விஷயத்துக்கு வருகிறேன். கருத்தடை மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து தலைவலி, குமட்டல், எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்று எழுதியிருக்கிறாய். வாசிக்க எனக்கே கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் மாமா பார்க்காத உலகமா? பஸ் பணிமனையில் முப்பத்தொரு வருஷம் டயர் பிரிவை ஆண்டவன். ஜாக்கி வழுக்கியபோது ஒரு பஸ்ஸையே தோளில் தாங்கியவன். உள்ளே நாற்பது பேர். (போன தடவை முப்பது என்றேனோ? அன்றைக்கு எண்ணியவன் தப்பாக எண்ணிவிட்டான்.) உடம்பும் டயரும் ஒன்றுதான் கண்ணு. கொஞ்ச நாள் ஓடினால் தானே சரியாகிவிடும். தண்ணீர் நிறையக் குடி.

அத்தை சொல்கிறாள்: "ஆகையால் மகளே, நான் பதினோரு வருடம் அந்த மாத்திரையை மிட்டாய் போலச் சாப்பிட்டேன். ஒரு தும்மல் கூட வந்ததில்லை. நீயும் அவ்வண்ணமே தைரியமாக இரு."

உன் வீட்டுக்காரரிடம் என் வணக்கத்தைச் சொல். மின்கம்பம் ஏறுகிற ஆள் என்றாலும் அடக்கமான பிள்ளை. போன மாதம் இங்கே வந்திருந்தபோது என் ஆபரேஷன் கதையை வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். சின்னவன் பிறந்த ஆறாம் மாதம், பணிமனையில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம், பதினேழாம் நம்பர் டோக்கன். என் முறை வந்தபோது மரத்துப்போகிற ஊசி தீர்ந்துவிட்டது. "ஊசி எதுக்கு டாக்டர், நீங்க பாட்டுக்கு நடத்துங்க" என்றேன். மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். இடுப்பு வாரைக் கடித்தேன் பார், வார் இரண்டு துண்டு. டாக்டருக்கே கண் கலங்கிவிட்டது. அந்தத் தகர டோக்கனை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

உன்
ஜாக்கி மாமா


மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

நான் எழுதியது அத்தைக்கு.

உங்கள் மேல் மரியாதை குறைந்து எழுதவில்லை. அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள். ஆனால் நாள் முழுக்க அடுத்தவர் வாக்கியத்தைப் பார்த்துப் பார்த்துச் சம்பாதிக்கிறவள் நான். "ஆகையால்", "அவ்வண்ணமே" என்று அத்தை பேசி என் ஜன்மத்தில் கேட்டதில்லை. அது உங்கள் வாய். அத்தை வாயிலிருந்து ஒரு சொல்லாவது வேண்டும் என்றுதான் எழுதினேன்.

என் தலைவலி தண்ணீர் குடித்துப் போகிற தலைவலி இல்லை. முதலில் கண் ஓரத்தில் ஒரு மின்னல். கோணல்மாணலாக, பல் பல்லாக, பெரிதாகிக்கொண்டே வரும். அதற்குள் வருகிற எழுத்து காணாமல் போய்விடும். போன வாரம் ஒரு பக்கத்தில் மூன்று வரியைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மேலாளர், "வீட்டுல தூங்குறதில்லையாம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்து மறுபடி திருத்தினேன்.

டாக்டரம்மாவிடம் போனேன். மின்னல் என்று சொன்ன உடனே எழுதுகிற பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதை ஏன் முதல்லயே சொல்லல? இந்த மின்னல் வர்றவங்க இந்த மாத்திரையைச் சாப்பிடவே கூடாது. மூளையில ரத்தம் கட்டிக்கலாம். இன்னைக்கே நிறுத்து" என்றார். ஏன் சொல்லவில்லை என்றால், யாரும் கேட்கவில்லை. வீட்டில் சொன்னால், "உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு" என்கிறார் உங்கள் அடக்கமான பிள்ளை.

இது மூன்றாவது வழி மாமா. முதலில் காப்பர்-டி. பலருக்கு ஒத்துக்கொள்ளும், எனக்கு மாதம் பத்து நாள் கொட்டியது. எடுத்தாயிற்று. அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. நாலு மாதம் சொட்டுச் சொட்டாக நிற்கவே இல்லை. என் புடவைகளில் பாதி தரை துடைக்கப் போயிற்று. அப்புறம் இந்த மாத்திரை. இப்போதைக்கு ஆணுறைதான். அதையும் "இன்னைக்கு ஒரு நாள் வேண்டாமே" என்கிறார். அந்த ஒரு நாளுக்கு அடுத்த மாதம் முழுக்க நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது நான்.

இரண்டு பிள்ளை போதும் என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். டாக்டரம்மா சொன்னார், "உனக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் பண்றதை விட அவருக்குப் பண்றது சின்னது. மரத்துப்போக ஊசி போட்டு இருபது நிமிஷம். ஒரு வாரம் பாரம் தூக்காம இருந்தா போதும், அப்புறம் கம்பமும் ஏறலாம், மலையும் ஏறலாம்." வீட்டில் வந்து சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "மாமா மாதிரி ஆளே வாரைக் கடிச்சிருக்காரு, என்னால முடியாது" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

உங்கள் கதையால் மாமா.

இந்தக் கடிதத்தை அத்தைக்கு முழுசாகப் படித்துக் காட்டுங்கள். நான் பள்ளிக்கூடம் போகும் நாட்களில் அத்தை கதவைச் சாத்திக்கொண்டு கண்ணில் ஈரத்துணி கட்டிப் படுத்திருப்பாளே, அது என்ன வலி என்று கேளுங்கள். அந்தத் துணி என்ன நிறம் என்றும் கேட்டு எழுதுங்கள்.

மருமகள்


மார்ச் 24

கோபக்கார எழுத்துப்பூச்சிக்கு,

மாமா மேல் கோபப்படாமல் யார் மேல் கோபப்படுவாய்? படு, படு. கோபம் உடம்புக்கு நல்லது என்று ஒரு பெரிய டாக்டர் என்னிடமே சொன்னார். அவர் காருக்கு நாலு டயரையும் நான்தான் மாற்றிக் கொடுத்தேன்.

கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டிவிட்டேன். முழுசாக. துணி வெள்ளை. வலி சாதாரண வலிதானாம், வெயிலில் நின்றதால் வந்ததாம். போதுமா?

மாத்திரையை நிறுத்தியது நல்லதுதான், நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். உன் வீட்டுக்காரர் பயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆம்பிளைக்கு ஆம்பிளை எழுதினால்தான் எடுபடும். தனியாக அவருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பயப்பட ஒன்றுமே இல்லை, மூன்று பேர் பிடித்தும் நான் அசையவில்லை, தையல் போடும்போது நானே நூல் கோத்துக் கொடுத்தேன், ரத்தம் தரையில் ஓடியதை ஒரு மாடு குடிக்க வந்தது, அதைக் கூட நான்தான் சத்தம் போட்டு விரட்டினேன் என்று விவரமாக எழுதியிருக்கிறேன். படித்தால் சிங்கமாகிவிடுவார்.

அத்தை நலம். உன்னை விசாரித்தாள்.

ஜாக்கி மாமா


ஏப்ரல் 21

மாமாவுக்கு,

சிங்கம் உங்கள் கடிதத்தைக் கம்பம் ஏறுகிற கோஷ்டியிடம் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு வந்தது. மாடு வந்த இடத்தில் ஒருவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாராம். "செத்தாலும் மாட்டேன். நீ வேணும்னா பண்ணிக்க" என்று சொல்லிவிட்டார். எட்டுப் பேர் சாட்சி.

அதற்குப் பிறகு எனக்குப் பதினோரு நாள் தள்ளிப்போயிற்று. பதினோரு நாளும் அச்சகத்தில் எனக்கு வந்தது குழந்தை வளர்ப்புப் புத்தகம், அதில்தான் பிழை பார்த்தேன். பதினோரு நாளில் அவர் ஒரு தடவை கேட்டார். "ஏன், நீ ஒண்ணும் பாத்துக்கலையா?" என்று கேட்டார். முந்தாநாள் வந்துவிட்டது. சந்தோஷப்படக்கூடத் தெம்பு இல்லை மாமா. ஐந்து வருஷமாக என் உடம்பில்தான் எல்லாருடைய பரீட்சையும் நடக்கிறது. ரத்தம், வீக்கம், வாந்தி, மின்னல், எல்லாம் என்னோடது. பயம் மட்டும் அவருடையது. அந்தப் பயம்தான் ஜெயிக்கிறது.

துணி பச்சை. என் பள்ளிச் சீருடையின் பழைய மேல்துணி. நான்தான் நனைத்துக் கொடுப்பேன். நீங்கள் படித்துக் காட்டவில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதங்களை மெய்ப்பு பார்க்கிற மாதிரி வரிசையாக வைத்துப் பார்த்தேன். சின்ன அத்தான் பிறந்த ஆறாம் மாதம் ஆபரேஷன் ஆயிற்று என்கிறீர்கள். அத்தை பதினோரு வருடம் மாத்திரை சாப்பிட்டாள் என்கிறீர்கள். பெரிய அத்தானுக்கும் சின்னவருக்கும் இரண்டே வயது வித்தியாசம். ஆபரேஷன் ஆனவர் வீட்டில் பதினோரு வருடம் மாத்திரை எதற்கு? ஆஸ்பத்திரியில் நர்ஸிடமும் கேட்டேன். முகாம் டோக்கனை உள்ளே கூப்பிடும்போதே வாங்கிக்கொள்வார்களாம். உங்கள் பெட்டியில் எப்படி இருக்கிறது?

பதில் எனக்கு வேண்டாம். இந்தக் கடிதங்கள் எல்லாவற்றையும் அத்தைக்குப் படித்துக் காட்டும்வரை நான் உங்களுக்கு எழுதமாட்டேன். போன் செய்தாலும் எடுக்கமாட்டேன்.


ஏப்ரல் 29

மருமகளுக்கு,

நேற்று மத்தியானம் அத்தையை உட்காரவைத்து உன் கடிதங்களைப் படித்தேன். முதல் கடிதத்திலிருந்து. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மின்னல் வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. "அதை இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தேன். "கண்ணாடி உடைஞ்ச மாதிரி ஓரத்துல மினுங்கும். அப்புறம் எதிர்ல இருக்கிறவங்க பாதி மூஞ்சி தெரியாது. எனக்கு மட்டும்தான் அப்படின்னு நெனச்சேன்" என்றாள்.

எனக்குத் தெரியாது கண்ணு. பதினோரு வருஷம் அந்தக் கதவு சாத்தியிருந்தால் நான் பணிமனைக்குச் சீக்கிரம் கிளம்பிவிடுவேன். "என் வீட்டுக்காரிக்குக் கோபம் வந்தா கதவைச் சாத்திக்குவா" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்திருக்கிறேன்.

இப்போது டோக்கன். அன்றைக்குப் பதினாறாம் நம்பர்காரர் உள்ளே போனதும் நான் டீ குடிக்கப் போனேன். ஒரு டீ, இன்னொரு டீ. பதினேழு, பதினேழு என்று மூன்று தடவை கூப்பிட்டது காதில் விழுந்தது. டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பதினாறாம் நம்பர்காரர் நடந்து வந்து என் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து பன் வாங்கிச் சாப்பிட்டார். "என்ன, ஆச்சா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றேன். அது முதல் பொய். வாரும் டாக்டர் கண்ணீரும் மாடும் அதன் மேல் ஒட்டிய ஒட்டுகள். ஒட்டு பெரிதாகப் பெரிதாக உள்ளே இருக்கிற ஓட்டை யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அத்தையிடம் அன்றைக்கே "கூட்டம், இன்னொரு நாள் போறேன்" என்று சொல்லியிருந்தேன். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. அவளும் கேட்கவில்லை. நேற்றுதான் கேட்டாள். "மருந்துக்கடை நம்ம தெரு முனையிலேயே இருந்துச்சு. நான் ஏன் மாசாமாசம் ரயில்வே கேட் தாண்டி நடந்து போனேன்னு நெனச்சீங்க?" அவளே சொன்னாள். "ஆபரேஷன் ஆன ஆளோட பொண்டாட்டி எதுக்கு இதை வாங்குறான்னு கடைக்காரன் கேட்டுடுவான்ல."

என் பெருமை உடையக்கூடாது என்று அந்த மின்னலோடு கேட் தாண்டி நடந்திருக்கிறாள். நான் டோக்கனை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

இதைப் போனில் சொன்னால் உன் வீட்டுக்காரர் நம்பமாட்டார். எழுதினாலும், மாமா நமக்காக அடக்கிச் சொல்கிறார் என்று நினைப்பார். அதனால் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். டோக்கனைக் கொண்டுவருகிறேன். அவர் கோஷ்டி எட்டுப் பேரும் இருக்கட்டும். எட்டுப் பேர் முன்னாலும், நான் உள்ளேயே போகாதவன், எனக்கு அந்த வலி தெரியவே தெரியாது என்று சொல்கிறேன். அதற்குப் பிறகும் அவர் மாட்டேன் என்றால் அது அவருடைய மாட்டேன். என்னுடையது அதில் கலந்திருக்காது. அதோடு நீ என்ன செய்ய வேண்டுமோ நீயே முடிவு செய்.

பஸ்ஸைத் தோளில் தாங்கியதும் இல்லை. ஜாக்கி வழுக்கியது உண்மை. நான் ஓடினேன்.

கீழே வருவது அத்தை சொல்லச் சொல்ல எழுதியது. நடுவில் ஒரு வார்த்தை சேர்த்தேன், திரும்பப் படிக்கச் சொல்லிக் கண்டுபிடித்து அடிக்கவைத்துவிட்டாள். அடித்த இடம் தெரியும்.

"பாப்பா, அந்த மாத்திரையத் தொடாத. யாரு சொன்னாலும் தொடாத. ~~அவ்வ~~ வலி வர்றப்ப நாலு பேருக்குக் கேக்குற மாதிரி சொல்லு. நான் சொல்லாம இருந்தேன், அதுல யாருக்கும் ஒண்ணும் கெடைக்கல. உன் பச்சைத் துணி இன்னும் இருக்கு, கிழியல. சனிக்கிழமை நானும் வரேன். வழியில டீ குடிக்க பஸ்ஸ நிறுத்துவாங்கல்ல, அந்த இடத்துல இவரு கூட ஒருத்தர் இருக்கணும்."