ஆறாம் மாதத்து ஸ்கேன்

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த கன்னியம்மா அக்காவுக்கு,

உன் இரண்டாவது ஸ்கேன் அறிக்கையை டாக்டர் எழுதவே இல்லை. ஸ்கேன் மையத்தில் தட்டச்சு செய்த பெண் நேற்று நுகர்வோர் மன்றத்தில் பிரமாண வாக்குமூலம் கொடுத்துவிட்டார். நகலை இரண்டு முறை படித்த பிறகே இதை எழுதுகிறேன்.

அந்த மையத்து வழக்கம் இது. டாக்டர் காலையில் ஒரு கட்டு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுக் கடலூர் போய்விடுவார். அங்கும் அவருக்கு ஒரு மையம். ஸ்கேனை உதவியாளர் எடுப்பார். முன்பு வந்தவர் என்றால் பழைய அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றி, அந்தத் தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள்.

முதல் ஸ்கேனில் குறையில்லை, அதையும் சொல்ல வேண்டும். மார்பில் இருந்த கட்டி முட்டை வடிவம், விளிம்பு சீர், நீளம் பதினொரு மில்லிமீட்டர். ‘பெரும்பாலும் தீங்கற்றது, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கவும்’ என்று அன்று டாக்டரே உட்கார்ந்து எழுதினார். வளர்ந்திருக்கிறதா, உருவம் மாறியிருக்கிறதா என்று பார்க்கத்தானே அந்த ஆறு மாதம்?

நீ நாள் தவறவில்லை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாய்.

“பெருசான மாதிரி இருக்குதுப்பா” என்று உதவியாளரிடம் சொன்னாய்.

“மெஷினுக்குத் தெரியாதது உன் கைக்குத் தெரியுமாம்மா?”

“எறாவ கையில எடுத்தா எடை சொல்றவ நானு. என் உடம்பு எனக்குத் தெரியாதா?”

அவன் சிரித்தான். உன்னோடு வந்திருந்த நானும் சிரித்தேன்.

அறிக்கையில் மறுபடி பதினொன்று. படத்தின் ஓரத்தில் மெஷின் பதித்திருந்த அளவு பத்தொன்பது. படத்தை நான் உறையிலிருந்து எடுக்கவே இல்லை. ஊரார் ஆவணங்களை வரிவரியாக ஒப்பிட்டுப் பேர் வாங்கிய நிருபன் நான். அடுத்த மழைக்குள் அந்தப் புற்று உன் நுரையீரலுக்குப் போய்விட்டது. உறையைப் பிரித்தது உன் காரியம் முடிந்த அன்று.

போன வாரம் டாக்டர் வைத்திக்குப்பத்து வீட்டுக்கே வந்தார். மாலை போட்ட உன் படத்தின் பக்கம் திரும்பவில்லை.

“தெரியாம நடந்துபோச்சு சார். வழக்க வாபஸ் வாங்கிக்குங்க. என் பேரே போயிடும்.”

“அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. பார்க்க நன்றாக இருந்தது. உள்ளிருந்து உன் மகள், “காபி போடட்டா மாமா?” என்றாள். “வேணாம்மா. சாரு கெளம்பிட்டாரு” என்றேன்.

இனி அவர் எந்தத் தாளிலும் டாக்டராகக் கையெழுத்துப் போடக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். நீயாக இருந்தால் மன்னித்திருப்பாயோ? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

மன்றத்தில் டாக்டரை விசாரிப்பது பொங்கல் கழிந்த திங்கட்கிழமை. அவருடைய பதிவை ரத்து செய்யக் கேட்ட மனு மருத்துவக் கவுன்சிலில் இருக்கிறது. பங்குனிக்குள் முடிவு என்கிறார்கள். இரண்டு இடத்திலும் முன்வரிசையில், அவர் கண்ணில் படும்படி உட்கார்ந்திருப்பேன். கவுன்சில் கைவிட்டால் அதற்கு மேலே போவேன்.

உன் மடியிலிருந்து இறங்காத தம்பி